வானத்தைக் காட்டியவர்

கொரோனா இரண்டாம் அலையின்போது, கேரள எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் நடந்தது இது. பொள்ளாச்சி பஸ்கள் நின்றுபோய் ரோடு வெறிச்சென்று கிடந்தது. நான் சிறுகதை எழுதுகிறவள். வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் எழுத்து வற்றிவிடுமோ என்று பயந்து, என்னைப் போன்ற சிலரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினேன். காலையில் மனதை அடக்கிக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். கண்ணில் படுவதைக் கூர்ந்து பார்த்து எழுத வேண்டும். இதுதான் பயிற்சி. சொல்லிக்கொடுப்பவள் நான் என்பதால் ஒருநாளும் தவறவிடவில்லை.

எதிர்வீட்டு மாடியில் ஒருவர் வாடகைக்குத் தனியாக இருந்தார். கோயமுத்தூரில் மில் வேலை. தொற்று வந்து அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தார். கீழே இருந்த வீட்டுக்காரர்கள் பொள்ளாச்சிக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

அன்று காலை நான் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது, அவர் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி ஆட்டினார். நானும் ஆட்டினேன். அவர் விரலால் மேலே காட்டினார். அண்ணாந்து பார்த்தேன். மழை பெய்து கழுவிவிட்ட வானம். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அவர் விடாமல் மேலேயே காட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே இறங்கி ஒரே மூச்சில் எழுதினேன், நோயில் கிடக்கும் ஒரு மனிதர் பழக்கமில்லாத எனக்கு வானத்தைக் காட்டியதைப் பற்றி. அதைக் குழுவில் போட்டேன். என் எழுத்துக்கு அப்படி ஒரு பாராட்டு அதற்குமுன் கிடைத்ததில்லை.

மறுநாள், வீடுவீடாக வந்து நோயாளிகளை விசாரிக்கும் ஆஷா வர்க்கர் எங்கள் கேட்டருகே நின்று கூப்பிட்டார்.

"ஏனுங்கக்கா, ஒரு கொடம் தண்ணி குடுங்க. எதுத்த மாடி டேங்குல சொட்டுத் தண்ணியில்லீங்க. மோட்டார் சுவிட்ச்சு பூட்டுன ஊட்டுக்குள்ள இருக்குது. போனும் உழுந்து ஒடஞ்சு போச்சாமா. காச்சல்ல படி எறங்க முடியாம, சத்தம் போடவும் தொண்டை வராம, நேத்திருந்து குடிக்கத் தண்ணியில்லாம கெடந்திருக்காருங்க."

குடத்தை எடுக்கத் திரும்பினேன். அந்த ஆஷா வர்க்கர் சாதாரணமாகத்தான் சொன்னார்: "எதுத்த ஊட்டு அக்காகிட்ட டேங்கக் காட்டிக் காட்டிக் கையாட்டுனேன், சிரிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னாருங்க. தூரத்துல இருந்து உங்களுக்கு வெளங்கியிருக்காது."

அப்போது முதலில் என் மனதில் ஓடியது, நான் எழுதியதை இந்தப் பெண் எங்காவது படித்திருப்பாரோ என்பதுதான். அந்த மனிதர் எப்படியிருக்கிறார் என்று கேட்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

தண்ணீரும் கஞ்சியும் கொண்டுபோய்ப் படியில் வைத்தேன். சாயங்காலம் ஆம்புலன்ஸ் வந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பிழைத்துத் திரும்பியவர், நேரே எங்கள் கேட்டுக்குத்தான் வந்தார். "நீங்க குடுத்த தண்ணிலதானுங்கக்கா உசுரு வந்துச்சு" என்று கும்பிட்டார். நான் எழுதியதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. குழுவிலிருந்து அதை நீக்கியபோதும், இன்னும் திருத்த வேண்டியிருக்கிறது என்று பொய்தான் சொன்னேன்.

எல்லோரையும் கூர்ந்து பார்க்கச் சொன்ன நான் அன்று பார்த்தது, எனக்கு எழுதத் தோதானதை மட்டும்தான். இப்போதும் எழுத்து தடையில்லாமல் வரும் நாட்களில், பக்கத்தில் யாரைக் கவனிக்காமல் விட்டேனோ என்ற பயம் கூடவே வருகிறது.