விளக்கீட்டுக்குக் கொண்டுவந்த வாழைக்குற்றி

மாரி தொடங்கினால் நான் எங்கே நின்றாலும் கால் உரும்பிராய்ப் பக்கம் திரும்பிவிடும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனையிறவில் உப்பு வாரினேன், வவுனியாவில் காடு வெட்டினேன், கண்டியில் ஒரு கடையில் கோப்பை கழுவினேன். எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. அம்மாவும் அண்ணையும்தான் வீட்டில். அண்ணை கலியாணம் செய்யவில்லை, தோட்டமும் வயலும் செய்தார். நான் திரிவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"வருசம் முழுக்க எங்கையாவது திரி. விளக்கீட்டுக்கு வந்திடு. எனக்குப் பந்தம் சுத்த வராது."

அவருக்கு வரும். என்னைவிட நன்றாகவே வரும். அந்தப் பேச்சுக்காகத்தான் நான் கார்த்திகைதோறும் வந்தேன்.

கார்த்திகை விளக்கீடு அன்று பொழுதுபட, தடிகளில் பழந்துணி சுற்றி எண்ணெயில் தோய்த்து, கிணற்றடி, மாட்டுக்கொட்டில், எருக்கும்பி, தோட்டத்து மூலை எல்லாம் ஒவ்வொன்று குத்துவோம். வாசல் படலையில் ஒரு வாழைக்குற்றியை நட்டு அதன் தலையில் விளக்கு வைப்போம். எங்கள் வீட்டு வளவில் வாழை கிடையாது. குற்றி கொண்டுவருவது என் வேலை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், மாசியில் வீட்டைவிட்டுக் கிளம்பி முல்லைத்தீவுக் கரையில் மீன் காயப்போடும் ஒரு கருவாட்டு வாடியில் வேலைக்கு நின்றேன். கிளம்பிய அன்று அம்மா நெஞ்சிருமலோடு பாயில் கிடந்தா. வாடைக்காற்று எழும்பிக் கடல் முரடானதும் வாடியைப் பிரித்தார்கள். கருவாட்டு லொறியில் ஏறிப் பருத்தித்துறைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, விளக்கீடு அன்று பின்னேரம் நீர்வேலியில் இறங்கினேன். மழை விட்டிருந்தது. ரோட்டோரத் தோட்டமொன்றில் ஒருவர் குலை வெட்டின வாழைகளைச் சரித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு குத்தி தருவியளோ? விளக்கீட்டுக்கு."

"எந்த ஊர்?"

"உரும்பிராய்."

"ஏன், உரும்பிராயிலை வாழை நடக்கூடாதெண்டு சட்டமோ?"

"அண்ணை வெங்காயம்தான் நடுவார். வாழை தண்ணி கூடக் குடிக்குமாம்."

"உம்மடை அண்ணர் வாழைப்பழம் தின்னமாட்டாரோ?"

"நீர்வேலியார் சும்மா குடுத்தால் தின்னுவார்."

அவர் சிரித்துக்கொண்டு, பிடித்திருந்த குற்றியை விட்டுவிட்டு அதைவிடத் தடித்த ஒன்றை நறுக்கித் தந்தார். "உம்மிலை கருவாடு மணக்குது. விளக்கு வைக்கமுன்னம் தலையிலை ரெண்டு வாளி தண்ணியை ஊத்தும்."

குற்றியைத் தோளில் வைத்துக்கொண்டு குறுக்கு ஒழுங்கையால் நடந்தேன். சாறு வடிந்து சட்டை நனைந்தது. செம்மண் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் வெள்ளம் நின்ற பள்ளங்களில் தவளை கத்தியது. எங்கள் ஊர் எல்லைக்கு வரும்போது மைமல் இருட்டு. ஒவ்வொரு படலையிலும் விளக்கு ஏறத் தொடங்கிவிட்டது. தோட்டங்களுக்குள்ளே பந்தங்கள் எரிந்தன. பிந்திவிட்டேன், அண்ணை ஏசப்போகிறார் என்று எட்டி நடந்தேன்.

எங்கள் படலை இருட்டாகக் கிடந்தது.

கிணற்றடியில் பந்தம் இல்லை. மாட்டுக்கொட்டிலில் இல்லை. இடப்பக்க வளவிலும் வலப்பக்க வளவிலும் எரிகிறது. நடுவில் எங்கள் வளவு மட்டும் ஒன்றும் இல்லாமல் இருக்கிறது. செத்த வீடென்றால் ஒரு வருடம் கழிந்து ஆட்டைத் திவசம் முடியுமட்டும் விளக்கீடு இல்லை. இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அம்மா என்று நினைத்தேன். இருமலோடு கிடந்தவ. வேறு யாராக இருக்க முடியும்? குற்றியை இறக்காமல் படலைக்கு வெளியே நின்றேன். அழுகை வரவில்லை. இனி அண்ணைக்கு யார் சமைப்பது என்று யோசித்தேன். அவர் தானே உலை வைப்பார், உப்புக் கூட்டிப்போடுவார் என்று யோசித்தேன். அம்மாவின் சாவு எனக்குள் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது.

"ஆரது படலையடியிலை?"

அம்மாவின் குரல்.

"நான்தான்."

"வந்திட்டியே. உள்ளுக்கு வா."

நான் அசையவில்லை. அம்மா கைவிளக்கோடு முற்றத்துக்கு வந்தா. மெலிந்திருந்தா, இருமல் இல்லை. என் தோளில் இருந்த குற்றியைப் பார்த்தா.

"ஐப்பசிப் பிறப்போடை உன்ரை அண்ணன் செத்துப்போனான்," என்றா. "அந்த முதல் மழைக்குள்ளை நிண்டு வரம்பு கட்டினவன். காய்ச்சல். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோயும் சரிவரேல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சுது."

"எனக்கு ஆள் விட்டிருக்கலாம்."

"எங்கையெண்டு விடுறது? விளக்கீட்டுக்கு வருவாய்தானே எண்டு இருந்தனான்."

"ஆர் கொள்ளி வைச்சது?"

"பெரியப்பான்ரை மகன்."

பக்கத்து வளவில் பிள்ளைகள் பந்தத்தை வைத்துக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. தோள் நோகத் தொடங்கியது. குற்றியை எங்கே இறக்குவதென்று எனக்குத் தெரியவில்லை. படலையில் நடமுடியாது. ஒழுங்கையில் எறியவும் மனம் வரவில்லை.

"அதை மாட்டுக்கு வெட்டிப் போடு," என்றா அம்மா. "மழைக்குள்ளை நான் புல்லுக்குப் போகேல்லை. சின்னனா வெட்டு. பெரிசெண்டால் தின்னாது."

கத்தி கொட்டில் கூரையில், அண்ணை செருகி வைக்கும் இடத்திலேயே இருந்தது. அலகு துருப்பிடித்திருந்தது. கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, குற்றியைக் கிடத்தி வட்டம் வட்டமாக நறுக்கினேன். பசு முதலில் மணந்து பார்த்தது. கருவாட்டு மணமாக இருக்கவேண்டும். பிறகு தின்றது. பக்கத்து வளவுப் பந்தத்தின் வெளிச்சம் வேலிக்கு மேலால் வந்து விழுந்ததால் கைவிளக்கு தேவைப்படவில்லை.

"வயலிலை புல்லு மண்டிப்போச்சு," என்றா அம்மா, கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு. "விடியக் களை புடுங்கப் போறியோ?"

"ஓம், போறன்," என்றேன்.