பின் கண்ணாடியில் பனியன் துணி

தொண்ணூறுகளில் பனியன் வாங்க வரும் வெள்ளைக்காரர்களை, கோவை ஏர்போர்ட் பக்கத்து ஓட்டலிலிருந்து திருப்பூருக்கு அம்பாசிடரில் கூட்டி வருவேன். எனக்குத் தெரிந்த பத்து இங்கிலீஷ் வார்த்தைகளும் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஆனாலும் மறுநாள் எல்லோரும் கேட்பது அதே ஓட்டலுக்கு வண்டி ஓட்டும் மீசைக்கார டிரைவரைத்தான். எனக்கு வயிறு எரியும்.

ஒல்லியான ஆள். கம்பெனியில் கழித்துப் போட்ட பனியன் துணியைக் காரின் பின் கண்ணாடிகளில் திரையாகக் கட்டியிருப்பார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏனுங்கண்ணா, வெள்ளைக்காரனுக்கு என்னங்க மருந்து வெக்கறீங்க?"

"மருந்தெல்லாம் இல்லீங்க. அவுங்க ஊர்ல இப்ப நடுராத்திரிங்க. தூங்கட்டும்னு பேசாம ஓட்டுவனுங்க."

இவ்வளவுதானா! அடுத்த சவாரிக்கு நானும் துணி கட்டினேன், வாயை மூடினேன். வெள்ளைக்காரர் குழந்தை மாதிரி தூங்கினார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவிநாசியில் கோயில் தேர் கண்ணில் பட்டது.

"சார்! பிக் தேர்! வெரி பிக்!"

அலறி எழுந்தவர் திருப்பூர் வரை என்னையே முறைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் அவரும் மீசைக்காரர் வண்டியில் போனார். என்னைத் தாண்டும்போது திரைக்குள்ளிருந்து குறட்டை கேட்டது. அத்தனை தூரம் அந்த மனுசனால் எப்படித்தான் பேசாமல் இருக்க முடிகிறதோ!