மஞ்சள் பல்பு

சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று காகிதப் பட்டையின் நிறத்தைப் பார்த்துச் சொல்வதுதான் பத்தொன்பது வருடமாக அவள் வேலை. பரிசோதனைக் கூடம் அழகாக இருக்கட்டும் என்று வெள்ளை டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்புகளை மாட்டினார் மேனேஜர். நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிந்தன. கரடியாய்க் கத்திப் பார்த்தாள்.

"முதல்ல உங்க கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்றார் அவர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பட்டையையும் வாசல் வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே அவர் சிரிப்புச் சத்தம் வரும்.

ஒரு நாள் மேனேஜரே தன் சிறுநீர்க் குப்பியோடு வந்து நின்றார். "இதைக் கொஞ்சம் வெயில்ல வச்சுப் பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார், யாருக்கும் கேட்காமல்.

அவள் குப்பியை அவர் கையிலேயே திணித்தாள்.

"பல்பை மாத்திட்டு வாங்க சார்!"