அஞ்சும் அஞ்சா இருக்கணும்

கொழும்பு ரயில் கொட்டகலை ஸ்டேஷனில் வந்து நின்ற பிறகும் என் மனைவி முழுதாக ஏறவில்லை. ஒரு கால் படியில், ஒரு கால் பிளாட்பாரத்தில். அவள் தங்கைக்கு முதல் பிரசவம். ஒரு மாதமாவது கூட இருந்துவிட்டு வர வேண்டும். நான் என்ன சாப்பிடுவேன், என் துணியை யார் துவைப்பார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

“அஞ்சும் அஞ்சா இருக்கணும். சொல்லிப்புட்டேன்.”

“நான் ஒருத்தன் இருக்கேனே, நானும் உசுரோட இருக்கணுமா?”

“நீங்க எப்படியாவது இருந்துக்குவீங்க.”

ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னலுக்கு வெளியே ஐந்து விரல்களை விரித்துக் காட்டிக்கொண்டே போனாள். மற்றவர்கள் டாட்டா என்று நினைத்திருப்பார்கள்.

அஞ்சு என்றது மீன்களை. பைட்டர் மீன், ஐந்தும் பெண். ஹட்டனில் ஒரு கடையில் ஆண் மீன்களைத் தனித்தனிப் போத்தலில் வைத்து மாப்பிள்ளை மாதிரி காட்டிக்கொண்டிருந்தார்கள். பெண் மீன்களுக்கு நீள வாலும் இல்லை, மினுக்கும் இல்லை. ஒரு பேசினில் மொத்தமாகக் கிடந்தன. “இதுகளை யாரும் வாங்குறதில்ல” என்று கடைக்காரர் சொன்னதுதான் தாமதம், இவள் ஐந்தையும் வாங்கிவிட்டாள். ஆணும் ஆணும் சேர்ந்தால் ஒன்றுதான் மிஞ்சும், பெண்கள் கூடி இருப்பார்கள் என்றார் அவர். கூடி இருக்கப் பெரிய தொட்டி வேண்டும், ஒளிந்துகொள்ளச் செடி வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து அறையில் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே என்ன பெரிய தொட்டி வைக்க முடியும்? எங்கள் பழைய டீவியைவிடச் சின்னதாக ஒன்று வந்தது. இந்தக் குளிரில் பைட்டர் தாங்காது என்று அதற்கு ஒரு ஹீட்டரும் வந்தது. கரண்ட் போனால் என் கம்பளி தொட்டிக்கு, எனக்கு ஸ்வெட்டர்.

அவளுக்குத் தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் வேலை. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுச்செல்லும் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வாள். மாலையில் வீட்டுக்கு வந்தால் எங்களுக்கென்று ஒரு பிள்ளை இல்லை. கோயில், ஆஸ்பத்திரி என்று அலைந்த கதையை இங்கே நீட்ட வேண்டாம். வந்ததும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அன்று யார் யாரைக் கடித்தது, யார் சாப்பிடமாட்டேன் என்றது என்று மீன்களிடம் சொல்வாள். தங்கையின் பிள்ளையைக் கையில் ஏந்திவிட்டு வருகிறவள், வாசலில் கால் வைத்ததும் வீட்டில் ஒன்று குறைவதைப் பார்க்கக் கூடாது. எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

பயப்படக் காரணமும் இருந்தது. என் கைராசி அப்படி. கறிவேப்பிலைக் கன்று நட்டேன், பட்டுப்போனது. கோழி வளர்த்தேன், சாக்கடைக் கானில் விழுந்து செத்தது. திருவிழாவில் வாங்கிய பிளாஸ்டிக் ரோஜாகூட என் பொறுப்பில் வெளிறிப்போனது.

அவள் போன மறுநாளே தொட்டிக்குள் கலவரம். ஐந்தில் நீலமானவள் ஒருத்தி. கொழுந்து மலையில் ஆட்களை விரட்டும் கங்காணி மாதிரி எந்நேரமும் மற்றவர்களுக்குப் பின்னால் நிற்பாள். அவளை நான் கங்காணி என்றே கூப்பிடுவேன். மூலையில் இருந்த பெரிய கல் அவளுடைய ஆபீஸ். அங்கிருந்து புறப்பட்டு, வெளிறிய ரோஸ் நிறத்துச் சின்னவளைத் துரத்துவாள். சின்னவள் ஹீட்டருக்குப் பின்னால் போய் ஒடுங்குவாள். வால் ஓரம் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. தீன் போட்டால் வெளியே வரமாட்டாள், வந்தால் அடி.

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்டேஷன் முன்னால்தான் ஸ்டாண்ட். அந்த நாட்களில் ஓர் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஹயர் வந்தால் ஏற்றுவேன், இறக்குவேன், திரும்பும் வழியில் லயத்துப் பக்கம் வண்டியை ஒடித்துவிடுவேன். ஓடிப்போய்ப் பார்ப்பேன்; சின்னவள் ஹீட்டருக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள். நிம்மதியாக ஸ்டாண்டுக்கு வந்து வண்டியை நிறுத்துவேன். நிறுத்தியதும், இப்போது என்ன ஆனதோ என்று மறுபடி சாவியைத் திருகுவேன்.

“எங்கடா ஓடுற மச்சான்? மறுபடியும் பொண்டாட்டிமாரப் பாக்கவா?” என்பான் பக்கத்து வண்டிக்காரன்.

“சண்டடா. வெலக்கி விடணும்.”

“ஒருத்தி ஊருக்குப் போனா அஞ்சு பேர வச்சிருக்கான். எங்களுக்கு இருக்கிற ஒண்ணோடயே முடியல.”

வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. லயத்தில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போனால்தான் வரும். ஆகவே தினமும் மாலையில் தொட்டியைப் படம் பிடித்துக்கொண்டு அங்கே ஓடி, அவளுக்கு அனுப்பிவிட்டு, குடத்தோடு நிற்கும் பெண்களுக்கு நடுவில் பதிலுக்குக் காத்திருப்பேன். உடனே அழைப்பாள். என் முகம் திரையில் வந்ததும், “ஒங்க மொகம் இருக்கட்டும், மீன் படம் சரியா வெளங்கல. சின்னது எங்க?” என்பாள்.

“ஹீட்டருக்குப் பின்னால ரெஸ்ட் எடுக்குது.”

“நேத்தும் ரெஸ்டு, இன்னிக்கும் ரெஸ்டா?”

ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா குடத்தை வைத்துவிட்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “ரெஸ்ட் இல்ல தங்கச்சி! அந்த நீலத்துக்கிட்ட ஒதைபட்டு ஒளிஞ்சிருக்கு. ஒம் புருசன் சும்மா சொல்றாரு.”

 எதிர்முனையில் ஒரு பச்சைக் குழந்தை அழுதது. “வந்து பேசுறேன்” என்று வைத்துவிட்டாள்.

அங்கேயே பீலிக்கரையில் நின்று போனில் தேடினேன். தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் வழி சொன்னான்: காய்ந்த நாட்டு வாதுமை இலையைத் தண்ணீரில் போட்டால் அதன் சாயம் இறங்கும், பழுப்புத் தண்ணீரில் பைட்டர்கள் சாந்தமாகிவிடும். வாதுமை கடற்கரை மரம். இந்தக் குளிரில் ஏது? தலையை நிமிர்த்திப் பார்த்தேன். மலை முழுக்க இலை. உலகத்துக்கே சாயம் இறக்கிக் கொடுக்கிற இலை! இப்படி ஒரு யோசனை கொழும்பில் இருப்பவனுக்கு வராது, யாழ்ப்பாணத்தானுக்கும் வராது. தேயிலைக்கு நடுவில் பிறந்தவனுக்குத்தான் வரும்.

வீட்டுக்குப் போய், கடுஞ்சாயமாக ஒரு ஜக் பால் விடாத பிளேன்டீ ஊற்றி, நன்றாக ஆறவைத்து, தொட்டியில் கவிழ்த்தேன். சீனி போடவில்லை. அந்த அளவுக்கு அறிவு இருந்தது.

நிறம் அருமையாக வந்தது. சாந்தம்தான் வரவில்லை. முதலில் கங்காணி ஒரு சுற்று சுற்றினாள். அப்புறம் ஐந்தும் சுற்றின. கண்ணாடியில் மோதின, மேலே வந்து வாயைப் பிளந்தன, குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்தன. ஒளிந்தே கிடந்த சின்னவள்கூட வெளியே வந்து விறுவிறுவென்று ஓடினாள். டீயைக் குடித்தால் தூக்கம் போகும் என்பதை வாழ்நாள் முழுக்க டீ குடிக்கிற நான் அந்த நேரத்தில்தான் யோசித்தேன்.

பிறகு நடந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்தார். மேசை மேல் ஒரு குண்டான், இரண்டு சட்டி, ஒரு ஜாம் போத்தல், என் டீக்கோப்பை. ஒவ்வொன்றிலும் ஒரு மீன். நான் அடுப்பில் தண்ணீர் சுடவைத்துக்கொண்டிருக்கிறேன்.

“தம்பி, கொழம்பு வைக்கப் போறீங்களா?”

“ஐயோ அக்கா, குளிப்பாட்டப் போறேன்!”

பீலித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுதண்ணீர் விளாவி, புள்ளக்காம்பராவில் என் மனைவி பிள்ளைகளுக்குப் பார்ப்பதுபோல முழங்கையை விட்டுச் சூடு பார்த்தேன். தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினேன். பெரிய கல்லையும் மற்றக் கற்களையும் அள்ளி எங்கே விழுந்ததோ அங்கே போட்டேன். மீன்களை விட்டேன். கங்காணிதான் கடைசியாகப் போனாள்.

அவள் நேரே தன் மூலைக்குப் போனாள். அங்கே கல் இல்லை. ஆபீஸையே காணோம்! திரும்பி வந்தாள், மறுபடி போனாள், ஊர் மாறி இறங்கிய பயணி மாதிரி முழித்தாள். மற்ற நால்வருக்கும் அதே முழி. எது யாருடைய இடம் என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. அந்தக் குழப்பத்தில் நான் நாலு தீனித் துணுக்குப் போட, சின்னவள் மேலே வந்து முதல் துணுக்கைக் கவ்வினாள். யாரும் அடிக்கவில்லை.

கங்காணி பிறகும் துரத்தினாள், ஆனால் பழைய அதிகாரம் இல்லை. நானும் பிறகும் ஓடினேன், ஸ்டாண்டிலிருந்து வீடு, வீட்டிலிருந்து பீலிக்கரை. என் ஓட்டத்தை நிறுத்தத்தான் எந்த இலையும் இல்லை.

என் மனைவி திரும்பி வந்த அன்று ரயில் தாமதம். ஸ்டாண்டில் நான் நடந்த நடையில் பக்கத்து வண்டிக்காரனுக்கே தலை சுற்றியது. வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. நேரே தொட்டியின் முன்னால் குந்தினாள். விரலால் கண்ணாடியைத் தொட்டு எண்ணினாள்.

“சின்னதுக்கு வால் மொளைக்குது” என்றாள். பிறகு, “கல்லு ஏன் எடம் மாறியிருக்கு?”

பிளேன்டீ கதையைச் சொன்னேன்.  சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

“காம்பராவுல புள்ளைங்க அடிச்சிக்கிட்டா நாங்க பாய எடம் மாத்திப் போடுவோம். அதுக்கு டீ ஊத்தணுமா?”

“புள்ள எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்கு. என் விரலப் புடிச்சா விடவே மாட்டேங்குது.” கண்ணாடியில் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை. “எனக்கும் ஒரு பிளேன்டீ ஊத்துங்க. சீனி போட்டு.”

அடுப்படிக்குப் போனேன். உள்ளே அவள் மறுபடி ஒன்று, ரெண்டு என்று எண்ணுவது கேட்டது. குறையவில்லை என்று தெரிந்தும், கேத்தலைப் பிடித்தபடி நானும் அவளோடு சேர்ந்து ஐந்து வரைக்கும் எண்ணினேன்.