டெஸ்டிங் மெஷின்

"உள்ளே யாரோ ஓம், ஓம்னு ஜபம் பண்ணிண்டிருக்காளே, இன்னிக்கு என்ன விசேஷம்?"

லஸ் முனையில் நான் வேலை பார்த்த மின்சாரச் சாமான் கடையில், கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் யாரோ கேட்டது என் காதில் விழுந்தது. விசேஷம் ஒன்றுமில்லை, நான் வாய்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் மின்தடையை அளக்கும் அலகுக்கு ஓம் என்று பெயர். ரிப்பேருக்கு வரும் இஸ்திரிப் பெட்டியில் மின்சாரத்தை விட்டு, ஒரு முள்ளில் வோல்ட்டையும் இன்னொன்றில் ஆம்பியரையும் பார்க்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. இரண்டையும் பெருக்கினால் வாட், அதாவது சாமான் இழுக்கும் சக்தி. பி.எஸ்ஸி. படித்துவிட்டு நான் பார்த்த உத்தியோகம் இந்த ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும்தான்.

பெண் சோதித்தது என்று தெரிந்தால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்பது முதலாளியின் பயம். அதனால் எனக்கும் கவுண்ட்டருக்கும் நடுவே ஆளுயரப் பலகைத் தடுப்பு. நாலு பேர் முன்னால் பேச வராத எனக்கு முதலில் அது சௌகரியமாகவே இருந்தது. போகப் போக, யாராவது ஒருவர் வந்து, "இதுக்கு என்ன கோளாறு?" என்று என்னையே கேட்க மாட்டாரா என்று ஆகிவிட்டது. பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர்களுக்கு இது புரியும். ஜபம் கேட்ட அன்று முதலாளி உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னது: "கணக்கை மனசுக்குள்ளேயே போடும்மா."

ஆறு எவ்வளவு?

அதன் பிறகு விடையைச் சீட்டில் எழுதித் தடுப்பின் அடியில் இருந்த சந்து வழியாகத் தள்ளுவேன். கவுண்ட்டர்க்காரர் கன்னியப்பன் அதைப் பார்த்து வாடிக்கைக்காரருக்குச் சொல்வார்.

ஒரு நாள் ஒரு ஹெட்மாஸ்டரின் கெட்டிலுக்கு VI = 460 என்று எழுதி அனுப்பினேன். V வோல்ட், I ஆம்பியர். இருநூற்று முப்பதை இரண்டால் பெருக்கினால் நானூற்று அறுபது வாட். ஹெட்மாஸ்டர் சீட்டை வாங்கி ரோமன் எண்ணாகப் படித்துவிட்டார். மறுபடி ஒரு முறை படித்தார். பிறகு மிகவும் பொறுமையாகக் கேட்டார்: "ஆறு நானூற்று அறுபது ஆகிற கடையிலே, பில் எவ்வளவு போடுவேள்?"

சீமைச் சரக்கு

இனி இங்கிலீஷ் எழுத்தே வேண்டாம், தமிழில் ஒரே வரி எழுது என்று உத்தரவாயிற்று. ஆழ்வார்பேட்டை வக்கீல் ஒருவர், காலையில் நன்றாகக் கொதிக்கும் வெந்நீர் ஹீட்டர் சாயங்காலத்தில் மந்தமாகிவிடுகிறது, மாற்றிக் கொடு என்று வந்து நின்றார். 'ஹீட்டரில் கோளாறு இல்லை, சாயங்காலம் உங்கள் தெருவில் வோல்ட் இருநூறுக்கு இறங்கியிருக்கும், முக்கால்வாசிச் சூடுதான் வரும்' என்று எழுதித் தள்ளினேன். வக்கீலின் கோபம் அடங்கிவிட்டது. இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றேன்.

டெஸ்டிங் மெஷின் என்றார் கன்னியப்பன். அதைப் பார்க்கலாமா என்றார் வக்கீல். "சீமை மெஷின் சார். ஆள் கிட்ட போனா கெட்டுப்பூடும்."

நான் உட்கார்ந்துகொண்டேன். மத்தியானம் தயிர் சாதம் சாப்பிடும்போது இரண்டு முள்ளும் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தன. என் மேஜைக்கு எதிரே இன்னொரு முக்காலியும் உண்டு. அதில் எப்போதும் கம்பிச் சுருள் உட்கார்ந்திருக்கும்.

நல்ல சேதி

சாந்தோமிலிருந்து ரோஸம்மா டீச்சர் ஓர் இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்தார். தெருவில் போகிறவனிடம் கொடுத்துச் சரிபண்ணியதாம். அதிலிருந்து ரப்பர் கருகும் வாசனை வருகிறதாம். முள்ளைப் பார்த்தேன். இரண்டு ஆம்பியர் காட்ட வேண்டிய இடத்தில் நாலு. உள்ளே அறுந்த சூட்டுக் கம்பியில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மாட்டியிருக்கிறான். பெட்டியில் பொறித்திருந்தது நானூற்றைம்பது வாட், அது இழுத்தது தொள்ளாயிரத்துக்கு மேல். 'தடை பாதியாகிவிட்டது' என்று எழுதி அனுப்பினேன். எனக்கு அது 'தீப்பிடிக்கும்' என்று எழுதியதற்குச் சமம்.

கன்னியப்பன் உரக்கப் படித்தார். "தடை பாதியா கொறைஞ்சிபோச்சாம்மா. நல்ல சேதிதான். ஒயர் கயிறு மாத்திக் குடுத்துட்றேன், எடுத்துக்கினு போங்க."

டீச்சருக்குச் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளை உடுப்புத் தேய்க்க வேண்டும், தான் கோயிலில் பாட்டுப் பழக்கப் போய்விட்டாலும் மகள் தனியாகத் தேய்த்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு சீட்டு எழுதப் பென்சிலை எடுத்தேன். அதையும் கன்னியப்பன்தானே படிப்பார்? அதற்குள் புதுக் கயிறு மாட்டியாகிவிட்டது. பெட்டியைக் காகிதத்தில் சுற்றும் சத்தம் கேட்டது.

"அதைக் கொண்டுபோகாதீங்க," என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "தடை குறைஞ்சா சூடு ரெண்டு பங்கு. கொண்டுபோகாதீங்க."

காகிதச் சத்தம் நின்றது.

"யாருப்பா அது?" என்றார் டீச்சர்.

"மெஷின்மா," என்றார் கன்னியப்பன், வாய்ப் பழக்கத்தில்.

"மெஷினுக்கு உடம்பு சரியில்லையா? குரல் நடுங்குதே."

கவுண்ட்டர்ப் பலகையைத் தூக்கும் ஓசை கேட்டது. டீச்சர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். இஸ்திரிப் பெட்டியை என் மேஜைமேல் வைத்தார். முக்காலியில் இருந்த கம்பிச் சுருளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்தார்.