ஏழாம் நிமிஷத்தில் நின்றுபோன அக்கா

பொங்கல் முடிந்த சனிக்கிழமை. குன்னூர் போகும் மினி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண்மணி. மடியில் எதையோ கம்பளியில் சுற்றி இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் கம்பியைப் பிடிக்காமல் மடியில் இருந்ததைத்தான் பிடித்துக்கொண்டார்.

குழந்தை என்று நினைத்தேன். கண்டக்டரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "கொழந்தைக்கு மூஞ்சிய மூடாதீங்கம்மா, மூச்சு முட்டும்" என்றார்.

அந்தம்மா கம்பளியை விலக்கிக் காட்டினார். கம்ப்யூட்டரின் சிபியூ!

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். செல்வராணி. எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். அவர் மகள் புஷ்பா பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள்.

"இதத் தூக்கிக்கிட்டு எங்க செல்வராணி?"

"கடைக்குத்தாங்க டீச்சர். ஃபார்மெட் அடிக்கணும்னு சொன்னாங்க."

"அடிச்சா உள்ள இருக்கிறதெல்லாம் போயிருமே. தெரியுமா?"

அவர் முகம் மாறியது. "போயிருமா? தூசி தொடச்சிக் குடுப்பாங்கன்னுல்ல நெனச்சேன்."

ஒரு வகையில் சரிதான். துடைத்துத்தான் கொடுப்பார்கள்.

பஸ் குன்னூர் சேர்வதற்குள் கதையைக் கேட்டு வாங்கினேன். செல்வராணி பத்து வயதில் இலங்கையிலிருந்து அப்பாவோடு கப்பலேறி வந்தவர். அம்மா அங்கேயே இறந்துபோயிருந்தார். தோட்டத் தொழிலாளர்களில் யார் எந்த நாட்டுக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் பிரித்துக்கொண்ட காலம்; அப்பாவுக்கும் இவருக்கும் இந்தியா என்று காகிதம் வந்தது. கல்யாணமாகியிருந்த அக்கா பாக்கியத்துக்கு அந்த ஊரே என்று ஆனது. அதன் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கவில்லை. கடிதங்கள் உண்டு. எப்போதாவது ஒரு போன்.

தீபாவளி சமயத்தில் அங்கிருந்து வேளாங்கண்ணிக்கு வந்த ஊர்க்காரர் ஒருவர் மெமரி கார்டு ஒன்றைக் கொண்டுவந்தார். கொழும்பில் வேலை பார்க்கும் அக்கா மகன், புதுக் கேமராவில் அம்மாவைப் பேசவைத்து எடுத்த வீடியோ. இருபது நிமிஷம். பளிச்சென்ற ஹெச்.டி. அன்று சாயங்காலம் புஷ்பா திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டும். தேயிலை விலை விழுந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் பனியன் கம்பெனியில்தானே இருக்கிறார்கள்... அவசர அவசரமாக அவள் வீடியோவை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் கிளம்பிவிட்டாள். கார்டு வந்தவரோடு திரும்பிப் போய்விட்டது.

ஆக, அந்த வீடியோவின் ஒரே பிரதி செல்வராணியின் மடியில்.

"அக்காவப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கொரல் வருது டீச்சர். மூஞ்சி சரியா வரல. வெட்டி வெட்டி நிக்குது. ஏழாவது நிமிசத்துல அப்படியே நின்னுருது. அதுகூடப் பரவால்ல... அக்காவுக்குக் கை வெடவெடன்னு ஆடுது. ஒரு டம்ளரத் தூக்க முடியல. வாதம் வந்திருக்கு. எங்கிட்ட மறைக்கிறாங்க."

"போன் பண்ணிக் கேக்கலாமே?"

"அக்கா தோட்டத்துல டவர் கெடைக்காது. மகனுக்குப் பண்ணுனேன். 'நல்லாத்தான் இருக்காங்க சித்தி, வீடியோவக் கடைசி வரைக்கும் பாத்தீங்களா'ன்னு கேட்டான். பாத்தேன்னு சொல்லிட்டேன். ஓடலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. 'அப்ப சரி'ன்னு வெச்சிட்டான்."

எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் என் லேப்டாப்பில் தங்கை மகளின் கல்யாண வீடியோவைப் போட்டபோது இதே கதை. தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளைக்கு மலேரியா கண்டவர் மாதிரி உதறல். மணமேடையில் பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு உண்மை தெரியும், அதனால் சிரித்தேன். நாற்பது வருஷமாக அக்காவைப் பார்க்காத ஒருவருக்கு எது வாதம், எது வீடியோவின் வெட்டு என்று எப்படித் தெரியும்? மூன்று மாதம் அழுதிருக்கிறார்!

செல்வராணியோடு நானும் கடைக்குப் போனேன். மார்க்கெட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. பெயர் வேண்டாம்.

"ஏனுங்க மேடம், இதெல்லாம் ஹெச்.டி.ங்க. இந்த சிஸ்டம் தாங்காதுங்க, ரொம்பப் பழசு" என்றார் கடைக்காரர். "ஃபார்மெட் அடிச்சுப் பாப்போம். அப்பவும் ஆகலீன்னா இதக் குடுத்துட்டுப் புதுசா எடுத்துக்கச் சொல்லுங்க. எக்ஸ்சேஞ்ச் இருக்குதுங்க."

"உள்ள இருக்கிற வீடியோவ மொதல்ல காப்பி எடுத்து வெப்பீங்களா?"

"அத யாரும் சொல்லலீங்களே."

"நீங்க கேட்டீங்களா?"

"கஸ்டமர்தானுங்க சொல்லோணும்."

நான் விடவில்லை. "வீடியோ ஓடறதுக்கு என்ன பிளேயர் போட்டிருக்கீங்க?"

"போன தடவ சர்வீஸுக்கு வந்தப்ப நாலஞ்சு போட்டுக் குடுத்தனுங்க. ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு ஓடுமுங்க."

"ஓடுச்சா?"

"அதாங்க சொல்றேன், சிஸ்டம் பழசு."

செல்வராணி மெதுவாகச் சொன்னார்: "பழசுன்னு தெரிஞ்சிதாங்க வாங்குனோம்."

அவ்வளவுதான். சிபியூவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கோபத்தில் அது கனக்கவே இல்லை.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து என் மானிட்டரில் இணைத்துத் திறந்தால்... கடைக்காரர் ஐந்து பிளேயர் போட்டிருந்தார். ஐந்தும் கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனே தானாக எழுந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஒன்று, படத்துக்குக் குறுக்கே 'காசு கட்டி வாங்கு' என்று எழுதுகிறது, அதுவும் அக்காவின் நெற்றியில். இன்னொன்று, விளம்பரம் காட்டிவிட்டுத்தான் வீடியோ காட்டுகிறது. மூன்றாவது தன்னோடு ஒரு டூல்பாரையும் கூட்டிவந்து குடிவைத்திருக்கிறது. இத்தனை பேர் ஏறி உட்கார்ந்தால் எந்தக் கம்ப்யூட்டர் நகரும்? பழசாம்!

இந்த விஷயத்தில் நான் நிபுணர் இல்லை. கல்யாண வீடியோவோடு ஒரு வாரம் மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதுதான். நல்ல பிளேயர் என்று தேடிப் போனால், ஒவ்வொரு வலைத்தளமும் 'டவுன்லோடு' என்று ஐந்து பச்சைப் பட்டன் வைத்திருக்கிறது. நான்கு பொய். எது நிஜம் என்று கண்டுபிடிப்பதற்குள், கேட்காத சாமான்கள் நம் வீட்டில் இறங்கிவிடும். சந்தையில் காய் வாங்கினால் கூடைக்குள் குப்பையையும் சேர்த்துக் கொட்டி அனுப்புவார்களா? கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நாம் ஏன் இதைப் பொறுத்துக்கொள்கிறோம்?

முதல் வேலையாக வீடியோவைப் பென் டிரைவில் காப்பி எடுத்தேன். பிறகு ஐந்து பிளேயர்களையும் ஒவ்வொன்றாக நீக்கினேன். தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிய, விளம்பரமில்லாத, எடை குறைந்த இலவச பிளேயர் ஒன்றை, அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிப் போட்டேன். செட்டிங்ஸில் ஒரே ஒரு டிக். வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலையை பிராசஸர் ஒண்டியாகச் செய்யாமல் கிராஃபிக்ஸ் சிப்பும் கைகொடுக்கட்டும் என்பதற்கான டிக். அவ்வளவுதான். இருபது நிமிஷ வேலை.

பிளே பட்டனை அமுக்கினேன்.

லயத்து வாசல். அங்கே லைன் வீட்டை லயம் என்பார்கள். பூப்போட்ட சேலையில் ஓர் அம்மாள். கேமராவைப் பார்த்துக் கூச்சமாகச் சிரித்துவிட்டு, "பிளேன்டி ஆத்துறேன், இரு" என்று கறுப்புத் தேநீரை ஆற்றத் தொடங்கினார். மேல் கைக்கும் கீழ் கைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. தேநீர் கயிறு மாதிரி இறங்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

செல்வராணி அழுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது.

"இவளுக்கா வாதம்? நல்லா குண்டாயிருக்கா. மூணு மாசம் எனக்குச் சோறு எறங்கல டீச்சர்."

ஏழாவது நிமிஷம் வந்தது. தாண்டியது. எட்டு. ஒன்பது. அக்கா பேசிக்கொண்டே போனார். யார் யாருக்குக் கல்யாணம், எந்த மலையில் கொழுந்து நன்றாக இருக்கிறது... பதினாறாவது நிமிஷத்தில் அவர் குரல் தாழ்ந்தது.

"தங்கச்சி, பொங்கலுக்குப் பொறவு பத்தாம் நாளு நாங்க திருச்சியில பிளேன்ல எறங்குறோம். சமயபுரத்துல மூணு நாள் தங்குறோம். போன்ல சொன்னா லீவு கெடைக்காதும்ப. அதான் மூஞ்சியப் பாத்துக் கேக்குறேன். வந்துரு."

செல்வராணி விரல் விட்டு எண்ணினார். இன்னும் ஐந்தே நாள்.

ஐந்து நாள்! ஃபார்மெட் ஆகியிருந்தால் அந்த அம்மாள் சமயபுரத்தில் மூன்று நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தங்கச்சி வர மனசில்லாமல் இருந்துவிட்டாள் என்று நினைத்தபடி ஊர் திரும்பியிருப்பார். இவர் இங்கே, அக்கா வாதத்தில் படுத்துவிட்டாள் என்று அழுதுகொண்டிருப்பார். இதற்கு யார் பொறுப்பு? 'கஸ்டமர்தானுங்க சொல்லோணும்.'

"லீவு கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"வேலையே வாரத்துக்கு மூணு நாள்தான் டீச்சர். லீவுக்கென்ன பஞ்சம்?"

போனார். புஷ்பா திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். போன வாரம் திரும்பி வந்தவரிடம் ஆவலாகக் கேட்டேன். "அக்கா உங்கள அடையாளம் கண்டுக்கிட்டாங்களா?"

"எங்க... புஷ்பாவத்தான் நான்னு நெனச்சுக் கட்டிப் புடிச்சா. பத்து வயசுல பாத்தவ இல்லையா, எளசாத்தானே தேடுவா."

"அப்புறம் என்ன பேசினீங்க?"

"மொத ரெண்டு நாளும் சண்ட. அம்மா எந்த வருசம் செத்துச்சுன்னு. மூணாம் நாள்தான் சேந்து அழுதோம்."

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. யோசித்துப் பார்த்தால் இது கம்ப்யூட்டரோடு முடிகிற சமாச்சாரமும் இல்லை. தேயிலை விலை ஏன் விழுந்தது என்று கேட்டால், 'உங்க செடி பழசு, இலை சரியில்ல' என்று பறிப்பவரிடமும் சிறு விவசாயியிடமுமே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வீடியோ ஏன் நின்றது என்றால், 'உங்க சிஸ்டம் பழசு.' எங்கே எது பழுதானாலும் குற்றவாளி இல்லாதப்பட்டவர்தான். அவரும் வெட்கப்பட்டுக்கொண்டு, எல்லாம் பார்த்தாயிற்று என்று போனில் பொய் சொல்லிவிடுகிறார். அந்த வெட்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

விற்கிறவரிடமே போய் 'புதுசு வாங்கணுமா' என்று கேட்பது நம் தப்புதான்... ஆனால் 'வாங்க வேண்டாம்' என்று சொல்வதற்கு யார் கடை திறந்து வைத்திருக்கிறார்கள்?