உயரம் காட்ட ஓர் ஆள்

சொரிமுத்து அண்ணாச்சி எங்கள் கல்லூரித் தாவரவியல் துறையில் ஆய்வக உதவியாளர். முப்பத்தொரு வருடம் மலையேறிச் செடி பறித்து, தாளுக்கிடையில் அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டியது அவர். அட்டையின் மூலையில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் இருப்பது பேராசிரியர் கோமதிசங்கரின் பெயர். சாரும் மலையேறுகிறவர்தான். வருடத்துக்கு ஒருமுறை, சபரிமலைக்கு.

ஓய்வு பெறுவதற்குள் ஒரே ஒரு அட்டையிலாவது தன் பெயர் வரவேண்டும் என்பது அண்ணாச்சியின் ஆசை. என்ன ஒரு பேராசை பாருங்கள்.

கடைசி வருட மார்கழியில், மாஞ்சோலைப் பாதையின் ஒரு வளைவில் ஊதாப் பூச்செடி ஒன்றைக் கண்டார். சூரியகாந்திக் குடும்பம், ஆளுக்கு மேல் உயரம். அட்டையில் அடங்காது என்று நுனியில் ஒரு முழம் மட்டும் வெட்டிக்கொண்டு வந்தார். சார் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பார்த்து, சீதேவியார் செங்கழுநீர் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அது வரப்போரம் முழங்கால் உயரத்துக்கு முளைப்பது. பூவில் மட்டும் அதே சாயல். இது என் தலைக்கு மேல் நின்றது என்று அண்ணாச்சி சொல்லிப் பார்த்தார். செடியை லென்ஸில்தான் பார்க்க வேண்டும், அண்ணாந்து அல்ல என்று விளக்கம் கிடைத்தது. படித்தவரே சொன்னபிறகு செடி தன்னைக் குறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அண்ணாச்சி விடவில்லை. மறுவாரம் என்னையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனார். நான் துறைக் குமாஸ்தா. அரளியையும் ரோஜாவையும் தவிர எதுவும் தெரியாது. செடியோரம் அவர் விறைப்பாக நிற்க, என் போனில் படம் எடுத்தேன். பூ அவர் தலைக்கு மேல் ஒரு சாண் இருந்தது. படத்தைச் சாரிடம் காட்டினோம். மறுநாள் வேறு புத்தகத்தைப் புரட்டி, இது நம் மலைகளுக்கே உரியது, இந்தப் பக்கம் இதுவரை பதிவாகாதது என்று கண்டுபிடித்தார்.

கட்டுரை அச்சாகி வந்தது. கண்டவர், சேகரித்தவர், இனம் கண்டவர் எல்லாம் சார் ஒருவரே. படத்துக்குக் கீழே, 'உயரம் காட்ட ஓர் ஆள்' என்று இருந்தது. அண்ணாச்சி அந்தத் தாளைப் பைய மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மே மாதம் ஒரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பினோம்.

இந்த மார்கழியில் வெளியூர் நிபுணர்கள் இருவர் அந்தச் செடியை நேரில் பார்க்க வந்து இறங்கிவிட்டார்கள். எந்த வளைவு என்று சாருக்குத் தெரியாது. என்னைக் கேட்டார். மறந்துவிட்டது என்றேன். என் ஞாபகசக்திக்கு ஒரு குறையும் இல்லை.

வேறு வழியில்லாமல் நிபுணர்கள் முன்னாலேயே அண்ணாச்சிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, செடி எங்கே நிற்கிறது என்று கேட்டார்.

"எனக்கென்ன சார் தெரியும்?" என்றார் அண்ணாச்சி. "படத்துல ஒரு ஆளு நிக்குதாம்லா, அவங்கிட்ட கேளுங்க."